க்ஷயம் யாருடைய சாபம்?

எலும்புருக்கி என்றும், காசநோய் என்றும், க்ஷயரோகம் என்றும், டி.பி. என்றும் பல பேர்களால் சொல்லப்படுகின்ற வியாதியைப் பற்றி இவ்வாரம் எழுத வேண்டிய அவசியம் நமக்கு ஏற்பட்டிருக்கின்றது. அவசியம் என்னவெனில், சென்ற மாதத்தில் நாம் ஒரு கிராமத்தில் கூட்டம் பேசி முடித்து, பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டிருந்த போது அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். கூட்டத்தில் எழுந்து கேட்க அவருக்குக் கூச்சமாயிருந்ததாம். கேள்வி இதுதான்:

"ஏனுங்க, எல்லா நோவுக்கும் கிருமிதான் காரணம், விதி இல்லேன்னு பேசுனீங்க. எங்க வூட்ல அஞ்சு பேருங்க. ஒரே கூரைக்குக் கீழதான் படுக்கை, ஒரே அடுப்புச் சோறு. எங்க மருமவளுக்கு மட்டும் எலும்புருக்கி வந்துச்சு. மத்த நாலு பேரும் நல்லாத்தான் இருக்கறோம். கிருமின்னா எல்லாத்துக்கும் வரோணுமில்லீங்க? அவளுக்கு மட்டும் வந்துச்சுன்னா அது அவ தலையெழுத்துத்தானுங்களே?"

மேற்கொண்டு விசாரித்ததில் தெரிந்த சங்கதியாவது: அந்தப் பெண்ணை முதலில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத்தான் அழைத்துப் போயிருக்கின்றார்கள். கோழையைப் பரீக்ஷித்து மாத்திரையும் கொடுத்திருக்கின்றார்கள். மாத்திரை சாப்பிட்ட மறுநாளே சிறுநீர் சிவப்பாய்ப் போகவே, மருந்து ரத்தத்தை உருக்குகின்றது என்று வீட்டார் பயந்திருக்கின்றார்கள். எப்படியோ இரண்டு மாதம் தள்ளி, இருமல் நின்றவுடன் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். நாலு மாதத்தில் இருமல் திரும்பி வந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் பதிலாக ஜோசியரிடம் போனார்கள். அவர் சனியையும் ராகுவையும் சாட்சிக்கு அழைத்து, பரிகாரத்துக்குப் பணமும் வாங்கிக்கொண்டு, அந்தப் பெண் இந்த வீட்டில் இருக்கிறவரையில் குடும்பம் தழைக்காது என்று தீர்ப்பும் கூறிவிட்டார். பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அவளுடைய மூன்று வயதுக் குழந்தை பாட்டனார் வீட்டிலேயே இருக்கின்றது.

இதைக் கேட்டு நமக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அப்பெரியவரிடத்தில் வரவில்லை. ஏனெனில் அவருடைய கேள்வி நியாயமான கேள்வி. பி.ஏ., எம்.ஏ. படித்துவிட்டு, புது மோட்டாரின் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குகின்ற கனவான்கள் இப்படி ஒரு கேள்வியை ஒருநாளும் தங்களுக்குள் கேட்டிருக்கமாட்டார்கள். கேள்வி கேட்கிறவனுக்குப் பதில் சொல்லுவது நம்முடைய கடமையேயொழிய, சிரிப்பது அல்ல. பஸ் வருகிறவரையில் சொன்னது கொஞ்சந்தான். பாக்கியை இங்கே எழுதுகின்றோம்.

முதலில், இவ்வியாதிக்குச் சாபம் என்ற பேர் எங்கிருந்து வந்ததென்று பார்ப்போம். நம் நாட்டுப் புராணத்தில் சந்திரன் என்று ஒரு தேவன். அவன் தக்ஷனுடைய பெண்கள் 27 பேரைக் கலியாணம் செய்துகொண்டானாம். அவர்களில் ரோகிணி ஒருத்தியிடம் மாத்திரம் பிரியமாயிருந்து மற்ற 26 பேரையும் கைவிட்டானாம். பெண்களைப் பெற்ற தக்ஷன் கோபங்கொண்டு, "உனக்கு க்ஷயம் வரக்கடவது" என்று சபித்தானாம். அதனால்தான் சந்திரன் தேய்கின்றானாம், பிறகு பாதி மன்னிப்புக் கிடைத்து வளர்கின்றானாம். சந்திரன் ஏன் தேய்கின்றது, ஏன் வளர்கின்றது என்பது இன்று ஆறாவது வகுப்புப் பையனுக்குத் தெரியும். கதை பொய்யென்று அவன் ஒருவனே ருசுப்படுத்திவிடுவான். ஆனால் நாம் கவனிக்கச் சொல்லுவது வேறொன்று. கதையின்படியேதான் பார்த்தாலும் குற்றம் செய்தவன் புருஷன், சாபம் பெற்றவனும் புருஷன். நம் ஊர்களில் மாத்திரம் சாபம் பெண்சாதியின் தலையில் விழுந்து, அவள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேற வேண்டியதாயிருக்கின்றதே, இது எந்தப் புராணத்தின்படி?

இந்த அறியாமை நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமானதென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெள்ளைக்காரனும் இதில் நமக்கு இளைத்தவனல்ல. இதே கிருமி கழுத்துக் கட்டிகளில் புகுந்தால் கண்டமாலை உண்டாகும். இங்கிலாந்திலும் பிரான்சிலும் பல நூறு வருஷங்களாக, அரசன் கையால் தொட்டால் கண்டமாலை குணமாகும் என்று நம்பி ஜனங்கள் கூட்டங்கூட்டமாய் அரண்மனைக்குப் போனார்கள். இரண்டாம் சார்லஸ் ராஜா பல்லாயிரக்கணக்கான பேரைத் தொட்டுத் தீர்த்தார். ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனைச் சிறு குழந்தையாயிருந்தபோது, 1712-ல், ஆன் ராணியிடம் தூக்கிக்கொண்டு போய்த் தொடச் செய்தார்கள். ராணி தொட்டாள், வியாதி போகவில்லை. கடைசியில் கத்திதான் வைக்க வேண்டியதாயிற்று. அந்தத் தழும்பு அவர் சாகிறவரையில் முகத்தில் இருந்தது.

இதைவிடக் கொடுமை அமெரிக்காவில் நடந்தது. ரோட் ஐலண்டு மாகாணத்தில் எக்ஸீட்டர் என்னும் ஊரில் ஒரு குடியானவன் வீட்டில் தாயும், மூத்த பெண்ணும், பிறகு 1892 ஜனவரியில் 19 வயதுள்ள மற்றொரு பெண்ணும் இவ்வியாதியால் இறந்தார்கள். பையனும் படுத்துவிட்டான். செத்தவர்களில் ஒருவர் பிணமாயிருந்துகொண்டே உயிரோடிருப்பவர்களின் ரத்தத்தைக் குடிக்கின்றார் என்று ஊரார் முடிவு செய்து, அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் புதைகுழிகளைத் தோண்டினார்கள். கடும் பனிக்காலத்தில் இறந்த அந்தப் பெண்ணின் உடல் மாத்திரம் அழுகாமலிருந்தது. உடனே அவள் இருதயத்தை எடுத்துச் சுட்டு, அந்தச் சாம்பலைக் கரைத்துப் பையனுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். பையன் இரண்டு மாதத்துக்குள் இறந்தான். இது நடந்தது கிருமியைக் கண்டுபிடித்து முழுதாய்ப் பத்து வருஷம் ஆனபிறகு. உண்மை ஓரிடத்தில் வெளியானால் மாத்திரம் போதாது, அதை ஊர் ஊராய்ச் சுமந்துகொண்டு போய்ச் சேர்க்க ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு ருசு என்ன வேண்டும்?

கிருமியைக் கண்டவர் ஜெர்மனி தேசத்து ராபர்ட் கோக் என்னும் வைத்தியர். 1882 மார்ச்சு 24-ந் தேதி பெர்லின் நகரத்தில் ஒரு சிறு சபையில் அதைக் கண்டுபிடித்த விவரத்தை எடுத்துச் சொன்னார். அதற்கு முன்னாலேயே 1865-ல் வில்மேன் என்ற பிரெஞ்சு வைத்தியர், நோயாளியின் உடலிலிருந்து எடுத்ததை முயலுக்குள் செலுத்தி முயலுக்கும் அவ்வியாதியை உண்டாக்கிக் காட்டியிருந்தார். ஆனாலும் பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் இது பரம்பரை வியாதி, பிறவியிலேயே அமைந்தது என்றே சாதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பரம்பரை என்றார்கள், நம்மவர்கள் கர்மம் என்றார்கள். இரண்டுக்கும் நோயாளியைப் பொறுத்தவரையில் பலன் ஒன்றே, அதாவது ஒன்றும் செய்வதற்கில்லை என்பது. கோக் அந்தக் கிருமிக்குச் சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் வைத்து, "இதோ பாருங்கள்" என்றார். பிறகு வாதம் எதற்கு?

அது ஒரு சிறு குச்சி மாதிரியான கிருமி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு முதல் நான்கு பங்கு நீளந்தான் இருக்கும். மேலே மெழுகு பூசினது போல ஒரு தோல். அந்த மெழுகினால்தான் சாதாரணமாய்ச் சாயம் ஏறாது. ஏற்றிவிட்டாலோ திராவகம் ஊற்றினாலும் போகாது. அந்தத் தோலே அதற்குக் கோட்டைச் சுவர். மற்ற எத்தனையோ கிருமிகள் இருபது நிமிஷத்துக்கொரு முறை ஒன்று இரண்டாய்ப் பெருகும்போது, இது இரண்டாவதற்கு முக்கால் நாளுக்கு மேல்கூட எடுத்துக்கொள்ளும். மகா சோம்பேறி. இந்தச் சோம்பேறித்தனந்தான் மனிதனுக்கு ஆபத்தாய் முடிகின்றது. எப்படியென்பதைப் பின்னால் சொல்லுகின்றோம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதே கோக் 1890-ல் இவ்வியாதிக்கு மருந்து கண்டுவிட்டதாகவும் சொன்னார். ட்யூபர்குலின் என்று அதற்குப் பேர். உலகமெங்குமிருந்து நோயாளிகள் பெர்லினுக்கு ஓடினார்கள். மருந்து பலிக்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது. கிருமியைக் கண்ட மகான் சொன்ன மருந்தாயிற்றே, பலித்துத்தான் ஆகவேண்டும் என்று யாரும் சாதிக்கவில்லை. மருந்தென்பதாக அதைத் தள்ளிவிட்டு, வியாதியைக் கண்டுபிடிக்கும் பரீக்ஷைக்கு மாத்திரம் வைத்துக்கொண்டார்கள். 1905-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தது கண்டுபிடித்த உண்மைக்காக. ஜோசியரின் பரிகாரம் பலிக்காவிட்டால் மாத்திரம் பரிகாரத்தில் குற்றமில்லை, செய்தவனுடைய பக்தியில்தான் குறை!

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஐந்து பேரில் ஒருத்திக்கு மாத்திரம் ஏன் வந்தது?

இக்கிருமி சோற்றினாலும், சட்டியினாலும், தொடுவதினாலும் பரவுவதில்லை. நுரையீரலில் வியாதியுள்ளவர் இருமும் போதும், தும்மும் போதும், உரக்கப் பேசும் போதும் கண்ணுக்குத் தெரியாத திவலைகளில் ஏறிக் காற்றில் மிதந்து, பக்கத்திலுள்ளவர் மூச்சோடு உள்ளே போகின்றது. ஆகவே அந்த வீட்டில் ஐந்து பேருக்குமே கிருமி போயிருக்கக்கூடும். பெரியவருக்கும்கூட. இது அவருக்கு மிகவும் ஆச்சரியமாயிருந்தது. உலக ஜனங்களில் சுமார் நாலில் ஒரு பங்கு பேர் உடம்பில் இக்கிருமி தங்கியிருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கின்றது. உடம்பின் காவல் அதைச் சுற்றி வளைத்து அடைத்து வைத்துவிடும். அதுவும் உள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும். அப்படிக் கிருமி புகுந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே ஆயுளில் எப்போதாவது வியாதியாக வெளிப்படுகின்றது. காவல் தளரும் போதுதான் அது விழிக்கும். காவல் ஏன் தளருகின்றது? பட்டினி, நீரிழிவு, புகையிலை, சாராயம், எய்ட்ஸ் கிருமி, கல்லுடைக்கும் இடத்துத் தூள் இப்படிப் பல காரணங்கள் உண்டு. இவற்றில் நம் நாட்டில் தலையானது பட்டினி.

"உங்கள் வீட்டில் கடைசியாய்ச் சாப்பிடுவது யார்?" என்று கேட்டோம். பெரியவர் பதில் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த பையன் சொன்னான், "அக்காதானுங்க." ஆண்கள் சாப்பிட்டு, குழந்தைகள் சாப்பிட்டு, மாமியார் சாப்பிட்டு, மிச்சமிருப்பதை வழித்துத் தின்று, அதன்மேல் பிள்ளை பெற்றுப் பாலும் கொடுத்த உடம்பு அது. ராகுவைத் தேடி வானத்துக்குப் போவானேன்? சோற்றுப் பானையைப் பார்த்தால் தெரியாதா?

நாம் வாய்க்கு வந்தபடி சொல்லுவதாக யாரும் எண்ணவேண்டாம். ஜார்க்கண்டு மாகாணத்தில் 2019 முதல் 2022 வரையில் ஒரு பரீக்ஷை நடந்தது. 2,800 நோயாளிகளும், அவர்களுடைய வீட்டார் பதினாயிரம் பேருக்கு மேலும் அதில் சேர்ந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவு கொடுக்கப்பட்டது. வீட்டாரில் ஒரு பகுதியாருக்கு மாத்திரம், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அப்படிப் பெற்ற வீடுகளில் புதிதாய் வியாதி காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. நுரையீரலிலிருந்து பிறருக்குப் பரவக்கூடிய வகையோ பாதிக்குப் பாதி குறைந்தது. 2023-ல் இது வெளியாயிற்று. மந்திரமில்லை, தாயத்தில்லை, அரிசியும் பருப்பும்! சனீஸ்வரனுக்கு எள்விளக்கு ஏற்றின எண்ணெயை அந்தப் பெண்ணின் குழம்பில் ஊற்றியிருந்தால் கொஞ்சமாவது உபயோகமாயிருந்திருக்கும்.

அடுத்தது, அவளை வீட்டைவிட்டு அனுப்பின விஷயம். இதற்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரம் இருக்கின்றதா? ஒரு காலத்தில் இருந்தது போலத் தோன்றிற்று. மருந்தில்லாத நாளில் நல்ல காற்று, நல்ல ஆகாரம், ஓய்வு இவையே சிகிச்சை என்று ஊருக்கு வெளியே சானடோரியங்கள் கட்டினார்கள். தாம்பரத்தில் 1928-ல் ஏற்பட்டதும் அப்படிப்பட்டதே. அங்கே ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பேர் நிலைத்துவிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுங்கூட அது நம் ஏழைகளுக்கு எட்டுவதாயில்லை. எழுத்தாளர் புதுமைப்பித்தன் இவ்வியாதியாலேயே 1948-ல் 42 வயதில் மாண்டார். 1952-ல் ஐசோனியாசிட் என்ற மலிவான மாத்திரை வந்தது. அப்போது எழுந்த கேள்வி, லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே என்பது.

அந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம் சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நகரத்து ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கினது போல இரண்டாய்ப் பிரித்து, ஒரு பகுதியாரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களைத் தங்கள் குடிசைகளிலேயே இருக்கச் செய்தார்கள். இரு பகுதியாருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷ காலம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல ஆகாரமும் ஓய்வும் கிடைத்தன. வீட்டிலிருந்தவர்களோ நெருக்கடியான குடிசையில், குறைந்த ஆகாரத்தில், பலர் வேலையும் செய்துகொண்டு மாத்திரை தின்றார்கள். முடிவு என்னவாயிற்று? இரு பகுதியாரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். அதைவிட முக்கியமானது, நோயாளி வீட்டிலேயே இருந்ததனால் வீட்டாருக்கு வியாதி அதிகமாய்த் தொற்றவுமில்லை. ஏனெனில் மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களுக்குள்ளேயே கிருமியைப் பரப்பும் சக்தி பெரிதும் அடங்கிப்போகின்றது. வீட்டாருக்குத் தொற்றியதில் பெரும்பகுதி, வியாதி இன்னதென்று தெரிவதற்கு முன்பே தொற்றிவிட்டது. இந்த முடிவு 1959-ல் வெளியாகி, அதன்பிறகு உலகமெங்கும் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை என்ற முறை பரவிற்று. சென்னைக் குடிசைகளில் கண்ட உண்மையை உலகம் ஒப்புக்கொண்டு அறுபது வருஷங்களுக்கு மேலாகியும், சென்னையிலிருந்து எட்டு மணி நேரப் பிரயாணத்திலுள்ள ஒரு கிராமத்துக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை என்றால் யார் வெட்கப்படுவது? நம்மைப் போன்று மேடையேறிப் பேசுகிறவர்களும் அதில் அடக்கந்தான்.

நம் கதையையும் சொல்லிவிடுகின்றோம். பல வருஷங்களுக்கு முன் இவ்வியாதியால் படுத்திருந்த ஒரு நண்பரைப் பார்க்கப் போனோம். அவர் மனைவியார் கொடுத்த மோரை வாங்கி, யாரும் பாராத சமயத்தில் ஜன்னல் வழியே ஊற்றிவிட்டோம். அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டார் என்பது பிறகு நமக்குத் தெரிந்தது. மோரினால் இது வராது என்பதைப் படித்தறிந்திருந்தும் கை நடுங்கிற்று. பகுத்தறிவு வாயில் இருந்து கையில் இல்லாவிட்டால் அதற்கு என்ன பேர் என்று அன்று முதல் யோசித்துக்கொண்டுதான் இருக்கின்றோம்.

சிவந்த சிறுநீரைப் பற்றி. ரிபாம்பிசின் என்ற மாத்திரை செங்கல் நிறமானது. அதன் சாயந்தான் சிறுநீரில் தெரிகின்றது, ரத்தமல்ல. இதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் அந்தக் குடும்பம் பயந்திருக்காது. மாத்திரை கொடுத்தவர்கள் ஏன் சொல்லவில்லை? இரண்டு மாதத்தில் நிறுத்தினது ஏன் தப்பு என்பதற்குத்தான் முன்னே சொன்ன சோம்பேறித்தனம். வேகமாய்ப் பெருகும் கிருமிகளை மருந்து முதலில் கொன்றுவிடும். இருமல் நிற்கும், பசி எடுக்கும், உடம்பு தேறும். ஆனால் தூங்குகிறவை பாக்கி இருக்கும். அவை விழிக்க விழிக்கக் கொல்லுவதற்காகத்தான் ஆறு மாதம் விடாமல் சாப்பிடச் சொல்லுகின்றார்கள். நடுவில் விட்டால் வியாதி திரும்புவதோடு, மருந்துக்கு அஞ்சாத கிருமி உண்டாகவும் இடமாகும். பிறகு வேறு மருந்து, அதிகத் தொல்லை. அந்தப் பெண்ணைத் திரும்பவும் பரீக்ஷித்து, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று முதலில் பார்க்கவேண்டும். அதற்கு இப்போது சில மணி நேரத்தில் முடிவு சொல்லும் யந்திரங்கள் வந்திருக்கின்றன. பரீக்ஷையும் மருந்தும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இனாம். சத்துணவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் நோயாளியின் பாங்கிக் கணக்கில் சேர்க்க ஏற்பாடிருக்கின்றது. இவ்வளவும் இருந்தும் 2023-ம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் பன்னிரண்டரை லட்சம் பேர் இதனால் செத்தார்கள். அவ்வருஷம் புதிதாய் வியாதி கண்டவர்களில் நாலில் ஒருவர் நம் தேசத்தார்.

பஸ் வெளிச்சம் தெரிந்த போது பெரியவர் நம்மை நிறுத்தினார். வெகு நேரம் தலை குனிந்திருந்தவர் மெதுவாய்க் கேட்டார்: "அந்தக் கொளந்தைக்கு ஏதாச்சும் இருக்குங்களா? அது அவ பக்கத்துலதானுங்க படுத்துட்டிருந்துச்சு."

நாம் சொன்னோம், "ஐயா, ஐந்து வயசுக்குட்பட்ட குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். நாளைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். வியாதி இருந்தால் மருந்து கொடுப்பார்கள், இல்லையென்றாலும் வராமலிருக்க மாத்திரை கொடுப்பார்கள். போகும்போது பாதி வழியில் உங்கள் சம்பந்தி ஊர் இருக்கின்றதல்லவா? உங்கள் மருமகளையும் அழைத்துக்கொண்டு போங்கள்."

"அவ வருவாளுங்களா?" என்றார்.

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. கேட்கவேண்டியது அவளைத்தான் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம்.